பேட்டரியை மாற்றச் சொல்கிறார்கள், மாற்றத்தான் வேண்டுமா?

நடுவழி | திங்கள், காலை 9:40

எல்லோருக்கும் வணக்கம். என்னுடையது பெட்ரோல் கார், மேனுவல் கியர். பேட்டரி 45 ஆம்ப் ஹவர், போட்டு 3 வருடம் 10 மாதம் ஆகிறது. ஒரு மாதமாகச் செல்ஃப் சோம்பலாகச் சுற்றுகிறது. முன்பெல்லாம் சாவியைத் திருப்பினால் ஒரே மூச்சில் எடுக்கும். இப்போது கிர்... கிர்... கிர் என்று இழுத்து இழுத்து எடுக்கிறது. இன்று காலை நின்றே போய்விட்டது என்று நினைத்தேன், மூன்றாவது முறையில் எடுத்தது.

போன வாரமும் இப்படித்தான் ஆனது. அன்றைக்கே ஒரு பேட்டரிக் கடையில் காட்டினேன். சின்னக் கருவி ஒன்றை மாட்டினார், அரை நிமிடத்தில் ஒரு துண்டுச்சீட்டு வந்தது: "மாற்றவும்". அவ்வளவுதான் பேச்சு.

என்னிடம் ஒரு மல்டிமீட்டர் இருக்கிறது. இன்று ஸ்டார்ட் செய்வதற்கு முன் வைத்துப் பார்த்தேன், 12.18 காட்டியது. 12 வோல்ட் பேட்டரியில் 12க்கு மேல் இருந்தால் நல்லதுதானே? கடைக்காரர் விற்பதற்காகச் சொல்கிறாரா, உண்மையாகச் சொல்கிறாரா?

பழைய_ஸ்பேனர் | திங்கள், காலை 10:05

தம்பி, 3 வருடம் 10 மாதம் ஓடியிருக்கிறது. போட்ட காசுக்கு உழைத்துவிட்டது. மாற்றிவிட்டு நிம்மதியாக இருங்கள். 30 வருடம் வண்டிக்கு அடியில் படுத்தவன் சொல்கிறேன். நாலு வருடம் தாண்டிய பேட்டரியை நம்பி வெளியூர் கிளம்புவதும் தேய்ந்த டயரில் மழையில் போவதும் ஒன்றுதான்.

ஓம்_விதி | திங்கள், காலை 10:52

ஐயா சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனால் வயதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதிவிட முடியாது. 2 வருடத்தில் செத்த பேட்டரியும் பார்த்திருக்கிறேன், 7 வருடம் ஓடியதும் பார்த்திருக்கிறேன்.

முதலில் அந்த 12.18. நண்பரே, அதைப் பார்த்து மகிழ்வது, காய்ச்சல் 100 டிகிரி என்றால் நூற்றுக்கு நூறு என்று கைதட்டுவது போல. 12 வோல்ட் என்பது பெயர்தான். உள்ளே 6 செல்கள், ஒவ்வொன்றும் நிறைந்திருக்கும்போது 2.1 வோல்ட் சொச்சம். ஆகவே ஓய்வில் இருக்கும் முழு பேட்டரி 12.6 முதல் 12.7 வரை காட்ட வேண்டும். 12.4 என்றால் முக்கால். 12.2 என்றால் பாதி. 12.0 என்றால் கால் பங்குதான் மிச்சம். அதற்குக் கீழே போனால் காலி என்றே வைத்துக்கொள்ளலாம். உங்கள் பேட்டரி இன்று காலை பாதிக்கும் கொஞ்சம் கீழே இருந்திருக்கிறது.

இனி முக்கியமான கேள்வி. பேட்டரி *இறங்கியிருக்கிறதா*, *கெட்டுவிட்டதா*? இரண்டும் வேறு. தண்ணீர் இல்லாத குடத்தையும் ஓட்டைக் குடத்தையும் தூக்கிப் பார்த்தால் எடை ஒன்றாகத்தான் இருக்கும். நிரப்பிப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். கடைக்காரரின் கருவி பொய் சொல்லியிருக்காது. ஆனால் பாதி இறங்கிய பேட்டரியில் வைத்தால் அதன் கணிப்பு தடுமாறும். நல்ல கருவியாக இருந்தால் "சார்ஜ் செய்து மறுபடி பார்" என்று சொல்லும், சில நேரம் நேராக "மாற்று" என்று அடித்துவிடும்.

எனவே சார்ஜர் ஒன்று கடன் வாங்கி 4, 5 ஆம்பியரில் இரவு முழுவதும் போடுங்கள். கழற்றியதும் மீட்டர் வைக்காதீர்கள், அப்போது 13க்கு மேல் காட்டி ஏமாற்றும். நாலைந்து மணி நேரம் சும்மா விட்டுப் பிறகு பாருங்கள். அவசரம் என்றால் ஹெட்லைட்டை இரண்டு நிமிடம் எரியவிட்டு அணைத்துவிட்டுப் பாருங்கள், மேலோட்டமான அந்தப் பொய் வோல்ட் இறங்கிவிடும்.

கிளட்ச்_கால் | திங்கள், காலை 11:10

மேனுவல் கியர்தானே? இரண்டு பேர் தள்ளினால் வேலை முடிந்தது. என் பழைய வண்டியை ஆறு மாதம் இறக்கத்தில் நிறுத்தியே ஓட்டினேன். பேட்டரிக்காரருக்கு ஒரு நயா பைசா கொடுக்கவில்லை.

பழைய_ஸ்பேனர் | திங்கள், காலை 11:18

ஆறு மாதம் கழித்து ஆல்டர்னேட்டர்காரருக்கு எவ்வளவு கொடுத்தீர்கள், அதையும் சொல்லுங்கள்.

கிளட்ச்_கால் | திங்கள், காலை 11:31

...அதை விடுங்கள் ஐயா.

பழைய_ஸ்பேனர் | திங்கள், காலை 11:45

சிரிப்புக்குச் சொல்லவில்லை. ஆல்டர்னேட்டர் என்பது இன்ஜின் ஓடும்போது மின்சாரம் தயாரிக்கும் கருவி. சுத்தமாக இறங்கிய பேட்டரியை நிரப்புவது அதன் வேலை இல்லை. ஓடும் வண்டியின் மின்சாரத் தேவையைக் கவனித்துக்கொண்டு, ஸ்டார்ட் செய்தபோது செலவானதைத் திருப்பிப் போடுவதுதான் அதன் வேலை. காலி பேட்டரியை மாட்டி நெடுந்தூரம் ஓட்டினால் அது முழு மூச்சில் சூடாகிக்கொண்டே ஓடும், டயோடு போகும். ஜம்ப் கேபிள் போட்டு இன்னொரு வண்டியின் பேட்டரியிலிருந்து எடுத்த பிறகு "அரை மணி நேரம் ஓட்டினால் ஏறிவிடும்" என்று எல்லோரும் சொல்வார்கள். ஏறாது. அடுத்த ஸ்டார்ட்டுக்குப் போதுமான அளவு வரலாம், அவ்வளவுதான். முழுசாக ஏறப் பல மணி நேரம் வேண்டும். அதற்குச் சார்ஜர்தான் சரி.

வெண்பனி | திங்கள், மதியம் 1:20

நான் பனி கொட்டும் ஊரில் இருக்கிறேன். இங்கே பேட்டரி சாவது எப்போதும் குளிர்காலத்தின் முதல் வாரத்தில். எல்லோரும் குளிர்தான் கொன்றது என்பார்கள். குளிர் காட்டிக்கொடுக்கிறது, கொன்றது முந்தைய கோடை. வெப்பத்தில் உள்ளே தட்டுகளின் ஈயக் கம்பிவலை அரிக்கப்படும், நீர் ஆவியாகும், ரசாயன வேகம் ஏறக்குறைய 10 டிகிரிக்கு இரண்டு மடங்கு என்ற கணக்கில் கூடும். அந்தச் சேதம் கோடையில் வெளியே தெரியாது, ஏனென்றால் சூட்டில் இன்ஜின் எளிதாகச் சுற்றும், பலவீனமான பேட்டரியே போதும். −18 டிகிரிக்குப் போனால் பேட்டரி தரக்கூடியது கிட்டத்தட்ட பாதியாகிவிடும். அதே நேரம் இன்ஜின் ஆயில் கெட்டியாகி, சுற்றுவதற்கு இன்னும் அதிக பலம் கேட்கும். இரண்டு பக்கமும் இடி.

இன்னொன்று. இறங்கிய பேட்டரி உறைந்துவிடும். நிறைந்த பேட்டரியின் அமிலம் உறைய −50க்கும் கீழே போக வேண்டும். காலியானது பூஜ்ஜியத்துக்குச் சில டிகிரி கீழேயே உறையும், அப்போது உள்ளிருப்பது பெரும்பாலும் தண்ணீர்தான். உறைந்து பெட்டி உப்பியிருந்தால் சார்ஜும் வேண்டாம், ஜம்ப்பும் வேண்டாம், நேராக மாற்றல்.

நடுவழி | திங்கள், மாலை 6:15

இவ்வளவு பதில் வரும் என்று எதிர்பார்க்கவில்லை, நன்றி. பக்கத்து வீட்டுக்காரரிடம் சார்ஜர் கிடைத்தது. இன்று இரவு போடுகிறேன். ஒரு சந்தேகம்: பேட்டரியின் மேலே ஒரு வட்டக் கண் இருக்கிறது, பச்சையாகத் தெரிகிறது. பச்சை என்றால் நல்லது என்று ஸ்டிக்கரில் போட்டிருக்கிறதே?

ஓம்_விதி | திங்கள், மாலை 6:40

அந்தக் கண் ஒரே ஒரு செல்லைத்தான் பார்க்கிறது. உள்ளே மிதக்கும் சின்னப் பந்து அது. மற்ற ஐந்து செல்களுக்கு என்ன ஆனாலும் அதற்குத் தெரியாது. தவிர, அந்தப் பந்து சில நேரம் சிக்கி நின்றுவிடும். கறுப்பாகவோ வெளுப்பாகவோ காட்டினால் கவனியுங்கள், பச்சை காட்டினால் நம்பாதீர்கள்.

உங்கள் பேட்டரியில் திறக்கும் மூடிகள் இருந்தால், அமிலத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் வைத்துப் பார்ப்பதுபோல் வேறு எதுவும் வராது. முழு சார்ஜில் அடர்த்தி 1.265 வாக்கில் இருக்கும், பாதியில் 1.190 பக்கம். எல்லாச் செல்லும் ஒரே மாதிரி தாழ்ந்திருந்தால் சார்ஜ் குறைவு, அவ்வளவே. ஐந்து செல் ஒரு மாதிரி, ஒன்று மட்டும் 0.050க்கு மேல் தாழ்வு என்றால் அந்தச் செல் போய்விட்டது, பேட்டரியும் போய்விட்டது. மூடி இல்லாத வகை என்றால் இந்த வழி இல்லை.

மாலைத்_தூரல் | திங்கள், இரவு 8:02

திறப்பதாக இருந்தால் கண்ணாடியும் கையுறையும் போடுங்கள். சட்டையில் ஒரு துளி பட்டது எனக்குத் தெரியவே இல்லை. துவைத்த பிறகுதான் அந்த இடம் சல்லடையாக இருந்தது. அப்புறம், நீர் குறைந்திருந்தால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும். குழாய்த் தண்ணீர் வேண்டாம், அமிலமும் வேண்டாம். ஆவியானது தண்ணீர்தான், அமிலம் உள்ளேயேதான் இருக்கும்.

எலித்தொல்லை | திங்கள், இரவு 9:30

ஒரு கேள்வியை யாரும் கேட்கவில்லை. நண்பரே, செல்ஃப் சோம்பல் எல்லா நாளும் இருக்கிறதா, திங்கட்கிழமை மட்டுமா? போன வாரம் கடைக்குப் போனதாகச் சொன்னீர்களே, அது என்ன கிழமை?

நடுவழி | திங்கள், இரவு 9:48

யோசித்துப் பார்க்கிறேன்... போன வாரமும் திங்கள்தான். மற்ற நாட்களில் கொஞ்சம் மெதுவாக இருக்கும், ஆனால் எடுத்துவிடும். வெள்ளி மாலை நிறுத்தினால் திங்கள் காலைதான் எடுப்பேன். வேலைக்குப் போக 15 நிமிடம், வர 15 நிமிடம். ஏன் கேட்கிறீர்கள்?

எலித்தொல்லை | திங்கள், இரவு 9:55

இரண்டு நாள் நின்றால் இறங்குகிறது என்றால் யாரோ குடிக்கிறார்கள். பேட்டரி தானாக இவ்வளவு வேகமாக இறங்காது. வண்டியில் பின்னால் மாட்டிய சாமான் ஏதாவது உண்டா? கேமரா, ஜி.பி.எஸ்., ஆம்ப்ளிஃபையர், அலாரம்?

நடுவழி | திங்கள், இரவு 10:01

நாலு மாதம் முன்பு டேஷ்கேம் மாட்டினேன். ஒயரை ஃபியூஸ் பெட்டியில் கொடுத்து மாட்டித் தந்தார்கள். வண்டி நிற்கும்போதும் பதிவாகும், அதுதான் அதன் சிறப்பு என்றார்கள்.

எலித்தொல்லை | திங்கள், இரவு 10:03

ஆள் அகப்பட்டார்.

ஓம்_விதி | திங்கள், இரவு 10:40

நல்ல கண்ணையா உங்களுக்கு. எனக்குத் தோன்றவே இல்லை.

எவ்வளவு குடிக்கிறது என்று அளந்து பார்ப்போம். நிறுத்திய வண்டியில் கடிகாரம், அலாரம், கணினிகளின் நினைவு எல்லாம் சேர்த்து 20 முதல் 50 மில்லி ஆம்ப் போவது இயல்பு. அளக்கும் முறை: மீட்டரின் சிவப்பு ஒயரை 10 ஆம்ப் துளைக்கு மாற்றுங்கள். பேட்டரியின் நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, கேபிளுக்கும் டெர்மினலுக்கும் நடுவே மீட்டரை இணையுங்கள். கதவு, டிக்கி எல்லாம் பூட்டிய நிலையில் இருக்க வேண்டும், சாவி தூரத்தில் இருக்கட்டும். உடனே பார்த்தால் சில ஆம்ப் காட்டும், பதறாதீர்கள். இன்றைய வண்டிகளில் கணினிகள் தூங்கப் போகவே அரை மணி நேரம் எடுக்கும். அதன் பிறகு வருவதுதான் உண்மைக் கணக்கு.

மீட்டர் நடுவில் இருக்கும்போது மறந்தும் ஸ்டார்ட் செய்துவிடாதீர்கள். செல்ஃப் மோட்டார் நூற்றுக்கணக்கான ஆம்ப் இழுக்கும், உங்கள் மீட்டரின் ஃபியூஸ் புகையாகிவிடும். நான் மூன்று ஃபியூஸ் மாற்றியவன்.

முடிந்ததும் மீட்டரின் ஒயரைப் பழைய துளைக்கு மாற்றி வையுங்கள். ஆம்ப் துளையில் ஒயர் இருக்கும்போதே வோல்ட் பார்க்கப் பேட்டரியில் வைத்தால் நேர் ஷார்ட்.

நடுவழி | புதன், இரவு 7:30

அறிக்கை தருகிறேன்.

திங்கள் இரவு முழுவதும் சார்ஜ் போட்டேன். செவ்வாய் காலை சார்ஜரை எடுத்துவிட்டு வேலைக்குப் பேருந்தில் போனேன். மாலையில் மீட்டர் வைத்தேன்: 12.58. பிறகு நெகட்டிவைக் கழற்றி மில்லி ஆம்ப் பார்த்தேன். முதலில் 3 ஆம்ப் சொச்சம், 35 நிமிடம் கழித்து 280 மில்லி ஆம்ப்பில் நின்றது. டேஷ்கேமின் ஃபியூஸைப் பிடுங்கினேன். 30க்கு விழுந்தது.

என் ஒரு மாதக் குழப்பம் ஒரு ஃபியூஸில் தீர்ந்ததா என்று தெரியவில்லை. அப்படியென்றால் பேட்டரி நல்லதுதானே? கடைக்காரர் சொன்னது தவறா?

எலித்தொல்லை | புதன், இரவு 7:52

கணக்கு போட்டுப் பாருங்கள். 280 மில்லி ஆம்ப், ஒரு நாளைக்கு 6.7 ஆம்ப் ஹவர். வெள்ளி மாலை முதல் திங்கள் காலை வரை 60 மணி நேரம் என்றால் 17 பக்கம். 45 ஆம்ப் ஹவர் பேட்டரியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். வார நாட்களில் அரை மணி நேர ஓட்டத்தில் திரும்ப ஏறுவது அன்றன்றைய குடிக்கே சரியாகப் போயிருக்கும். அதனால் வெள்ளிக்கிழமையே முழுசாக இருந்திருக்காது. திங்கட்கிழமை 12.18 வந்ததில் ஆச்சரியமே இல்லை.

கேமராவை எறிய வேண்டாம். அதன் ஒயர் பெட்டியில் எத்தனை வோல்ட்டில் தானாக அணைய வேண்டும் என்ற அமைப்பு இருக்கும். பலரும் அதை 11.6, 11.8 என்று வைத்துவிடுகிறார்கள், அதாவது பேட்டரி முழுக்க வறண்ட பிறகு அணையும். 12.4 வைத்துக்கொள்ளுங்கள்.

ஓம்_விதி | புதன், இரவு 8:30

"பேட்டரி நல்லதுதானே" என்பதற்கு இன்னும் பதில் வரவில்லை. நாலு மாதமாக அரைப் பட்டினி கிடந்த பேட்டரி இது. ஈய அமில பேட்டரியை இறங்கிய நிலையில் விட்டால், தட்டின் மேல் படியும் ஈய சல்ஃபேட் முதலில் மென்மையாக இருக்கும், சார்ஜ் போட்டால் கரையும். நாள் போகப் போக அது கடினப் படிகமாகிவிடும். அந்த அளவுக்குத் தட்டின் பரப்பு வேலை செய்யாமல் போகும். வோல்ட் மட்டும் 12.6 காட்டும், ஆனால் ஒரே நேரத்தில் பெரிய மின்னோட்டம் கேட்டால் தர முடியாது. ஆகவே இப்போது வோல்ட்டை நம்பாமல் சுமை கொடுத்துப் பார்க்க வேண்டும்.

வீட்டிலேயே செய்யலாம். மீட்டரில் மிகக் குறைந்த அளவைப் பிடித்துவைக்கும் பொத்தான் இருந்தால் அழுத்தி, நேராகப் பேட்டரி டெர்மினலின் ஈயத்திலேயே முனைகளை வையுங்கள். இன்னொருவர் ஸ்டார்ட் செய்யட்டும். நிறைந்த பேட்டரி, மிதமான தட்பவெப்பம் என்றால் 10 பக்கம் நிற்கும். 9.6க்குக் கீழே விழுந்தால் சந்தேகம் வலுக்கிறது.

அதோடு, வண்டி ஓடும்போது 13.8 முதல் 14.7க்குள் வருகிறதா பாருங்கள். 13க்குக் கீழே என்றால் ஆல்டர்னேட்டரையும் பெல்ட்டையும் பார்க்க வேண்டும், 15க்கு மேல் என்றால் வோல்ட்டைக் கட்டுப்படுத்த வேண்டிய ரெகுலேட்டர் பேட்டரியை வேகவைக்கிறது. அழுகிய முட்டை வாடை வந்தால் அதுதான். (சில புது வண்டிகளில் ஆல்டர்னேட்டரைக் கணினி ஏற்றி இறக்கும், அங்கே ஒருமுறை பார்த்து முடிவு செய்யக் கூடாது.)

பழைய_ஸ்பேனர் | புதன், இரவு 9:00

இதெல்லாம் பார்ப்பதற்கு முன் டெர்மினலைப் பாருங்கள். வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் சமையல் சோடா கலந்த வெந்நீர் ஊற்றிப் பிரஷ் போட்டுக் கழுவி, துடைத்து, இறுக்கி, மேலே பெட்ரோலியம் ஜெல்லி தடவுங்கள். எத்தனை பேருக்குப் புது பேட்டரி மாற்றியும் அதே கோளாறு தொடர்ந்தது தெரியுமா? கேபிளை டெர்மினலில் பிடிக்கும் கிளாம்ப்பைக் கையால் திருகினால் சுற்றியது! ஸ்டார்ட் செய்யும்போது டெர்மினல் ஈயத்துக்கும் கிளாம்ப்புக்கும் நடுவே மீட்டர் வைத்தால் 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. காட்டினால் பேட்டரி மேல் பழி போடாதீர்கள்.

சத்தத்தையும் கேளுங்கள். டக்டக்டக் என்று வேகமாக அடித்தால் மின்சாரம் போதவில்லை. டக் என்று ஒரே ஒரு தட்டு, விளக்கும் மங்கவில்லை என்றால் செல்ஃப் மோட்டார் பக்கம் போங்கள். நாம் "செல்ஃப்" என்கிறோமே, செல்ஃப் ஸ்டார்ட்டரின் பாதிப் பெயர்தான் அது. 1912 காடிலாக் காரில் கெட்டரிங் என்பவர் செய்த மோட்டார் வருவதற்கு முன் கைப்பிடியைச் சுற்றித்தான் எடுத்தார்கள். அது திருப்பி அடித்துக் கை உடைந்தவர்கள் உண்டு.

மௌனமோட்டார் | புதன், இரவு 9:35

என் வண்டி முழு மின்சாரக் கார். இதிலும் தனியாக ஒரு 12 வோல்ட் பேட்டரி இருக்கிறது, நிறைய பேருக்குத் தெரியாது. பெரிய பேட்டரியை வண்டியோடு இணைக்கும் சுவிட்சை இயக்குவதே இந்தச் சின்னதுதான். போன வருடம் அது செத்தது. பெரிய பேட்டரியில் 80 சதவீதம் சார்ஜ், ஆனால் கதவு கூடத் திறக்கவில்லை. உங்களுக்காவது செல்ஃப் இழுத்து இழுத்து எச்சரிக்கிறது. எங்களுக்கு எச்சரிக்கவே ஆள் இல்லை. அதனால் நான் மட்டும் பழைய_ஸ்பேனர் ஐயா கட்சி: வயது பார்த்து மாற்றிவிடுவேன்.

மாலைத்_தூரல் | வியாழன், காலை 8:10

சிக்னலில் தானே அணைந்து தானே எடுக்கும் வகை வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்த அணைதல் வேலை செய்யாமல் நின்றுபோவதே பேட்டரி சோர்ந்ததன் முதல் அறிகுறியாக இருக்கும். நான் "அப்பாடா, தொல்லை விட்டது" என்று மகிழ்ந்தேன். இரண்டு மாதத்தில் வண்டி நின்றது. கடையில் இருந்ததைப் போட்டுத் தந்தார்கள், சாதா பேட்டரி. 14 மாதத்தில் அதுவும் போனது. அந்த வகை வண்டிக்கு அதைத் தாங்கும்படி செய்த ஏ.ஜி.எம். அல்லது இ.எஃப்.பி. என்ற பேட்டரி வகைதான் போட வேண்டும், ஒரு நாளைக்குப் பல முறை ஸ்டார்ட் ஆவதைச் சாதா பேட்டரி தாங்காது. ஏ.ஜி.எம். இருந்த இடத்தில் ஏ.ஜி.எம்.தான். சில வண்டிகளில் புதிதாகப் போட்டதைக் கணினியில் பதியவும் வேண்டும், இல்லையென்றால் கிழவனுக்குப் போட்ட சார்ஜ் முறையையே இளைஞனுக்கும் போட்டுக்கொண்டிருக்கும்.

நடுவழி | சனி, காலை 11:20

டெர்மினல் சுத்தமாகத்தான் இருந்தது, இருந்தாலும் தேய்த்து இறுக்கினேன். ஓடும்போது 14.2. ஸ்டார்ட் செய்யும்போது மிகக் குறைந்தது 9.1. மூன்று முறை பார்த்தேன், 9.1, 9.2, 9.1.

வேறு ஒரு கடைக்குப் போனேன், இந்த முறை முழு சார்ஜோடு. பேட்டரி ஸ்டிக்கரில் சி.சி.ஏ., அதாவது குளிரில் ஸ்டார்ட் செய்யும் பலம், 400 என்று இருக்கிறது. அவர் கருவியில் 285 வந்தது. முதல் கடைச் சீட்டை எடுத்துப் பார்த்தேன், அதில் 190 என்று இருந்தது. ஒரே பேட்டரிக்கு இரண்டு கடையில் இரண்டு எண்ணா?

ஓம்_விதி | சனி, மதியம் 12:15

முதல் எண் பட்டினி கிடந்தபோது எடுத்தது, இரண்டாவது சாப்பாடு போட்ட பிறகு எடுத்தது. தவிர, கருவியில் எந்தத் தர அளவைத் தேர்வு செய்தார்கள் என்பதும் முக்கியம். சி.சி.ஏ. என்பது −18 டிகிரியில் 30 விநாடிக்கு, 7.2 வோல்ட்டுக்குக் கீழே போகாமல் தரக்கூடிய ஆம்ப். ஐரோப்பிய முறையில் விநாடியும் வோல்ட்டும் வேறு, ஆகவே ஒரே பேட்டரிக்கு எண்ணும் வேறு. ஸ்டிக்கரில் எந்த முறை போட்டிருக்கிறதோ அதையே கருவியிலும் வைக்க வேண்டும்.

285 என்றால் 71 சதவீதம். 9.1ம் அதையே சொல்கிறது. முதல் கடைக்காரர் சொன்ன முடிவு பாதி சரி, அதற்கு வந்த வழிதான் தவறு. உங்கள் பேட்டரி சோர்ந்திருக்கிறது, சாகவில்லை. கேமராவை அடக்கியாகிவிட்டது. மாதம் ஒருமுறை சார்ஜர் போட்டால், குளிர் வரும்வரை ஓட்டலாம் என்பது என் கருத்து. அவசரப்பட வேண்டாம்.

பழைய_ஸ்பேனர் | சனி, மதியம் 12:40

நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 71 என்பது படிக்கட்டின் கடைசிப் படி. ஏறி வரும் பேட்டரி என்று எதுவும் கிடையாது, இறங்குவது மட்டும்தான். இன்னும் மூன்று மாதம் ஓடும் சரி, எந்த நாளில் நிற்கும் என்று உங்கள் மீட்டர் சொல்லுமா? மீட்டர் இன்றைக்கு எப்படி இருக்கிறது என்று சொல்லும். நாளைக்கு உள்ளே ஒரு தட்டு ஒடிந்து செல் ஷார்ட் ஆனால் 12.6 ஒரே நொடியில் 10.5 ஆகும்.

ஓம்_விதி | சனி, மதியம் 1:05

அது 1 வருட பேட்டரிக்கும் நடக்கலாம் ஐயா. அதற்குப் பயந்து வருடா வருடம் மாற்றுவோமா?

பழைய_ஸ்பேனர் | சனி, மதியம் 1:12

வருடா வருடம் என்று நான் எங்கே சொன்னேன்? நின்றால் என்ன நட்டம் என்று கேளுங்கள், அதுதான் கணக்கு. வீட்டு வாசலில் நின்றால் ஒரு ஜம்ப் கேபிள், பத்து நிமிடம். ஆள் நடமாட்டமில்லாத ரோட்டில், ராத்திரி, குழந்தைகளோடு நின்றால்?

எலித்தொல்லை | சனி, மதியம் 1:30

இதில் இரண்டு பேரும் ஒரே பேட்டரியைப் பற்றிப் பேசுகிறீர்கள், வேறு வேறு ஓட்டுநரைப் பற்றிப் பேசுகிறீர்கள். நடுவழி நண்பரே, அடுத்த இரண்டு மூன்று மாதம் வண்டியை எதற்கு எடுப்பீர்கள்?

நடுவழி | சனி, மாலை 5:45

அதைச் சொல்லியிருக்க வேண்டும். அடுத்த மாதம் அப்பாவுக்கு இருதய அறுவை சிகிச்சை. அதன் பிறகு கொஞ்ச நாள் எந்த நேரத்தில் வண்டி எடுக்க வேண்டியிருக்கும் என்று தெரியாது.

ஓம்_விதி | சனி, மாலை 5:58

அப்படியென்றால் மாற்றிவிடுங்கள். இதில் எனக்குப் பேச்சே இல்லை. அப்பா நலமாகட்டும்.

வாங்கும்போது தயாரிப்புத் தேதியைப் பாருங்கள், கடை அலமாரியில் ஆறு மாதம் சார்ஜ் இல்லாமல் தூங்கியது வேண்டாம். அளவும், டெர்மினல் எந்தப் பக்கம் என்பதும் பழையதைப் போலவே இருக்கட்டும். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். பாசிட்டிவை முதலில் கழற்றப் போய் ஸ்பேனர் பாடியில் பட்டால் பெரிய தீப்பொறி, பேட்டரியிலிருந்து வரும் ஹைட்ரஜன் பக்கத்திலேயே இருக்கும்.

பழைய_ஸ்பேனர் | சனி, மாலை 6:10

பழையதைக் கடையிலேயே கொடுத்துவிடுங்கள். குப்பையில் போடாதீர்கள், உள்ளே இருப்பது ஈயமும் அமிலமும். அந்த ஈயத்தை உருக்கித்தான் அடுத்த பேட்டரி செய்கிறார்கள், அதனால் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள்.

நடுவழி | திங்கள், காலை 9:15

நேற்று நானே மாற்றினேன். இன்று திங்கள், சாவியைத் திருப்பியதும் எடுத்துவிட்டது. காலை 12.63, ஸ்டார்ட் செய்யும்போது 10.4. கேமரா 12.4இல் அணையும்படி வைத்தாகிவிட்டது.

ஒரே ஒரு பிரச்சினை. பேட்டரியைக் கழற்றி மாட்டியதிலிருந்து ரேடியோ ஏதோ நாலு இலக்க எண் கேட்கிறது. இதை யாரும் சொல்லவில்லையே?

மாலைத்_தூரல் | திங்கள், காலை 9:22

சர்வீஸ் புத்தகத்தின் பின்னட்டையில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், பாருங்கள்.

நடுவழி | திங்கள், காலை 9:31

இருந்தது. பாட்டு வந்துவிட்டது.

கிளட்ச்_கால் | திங்கள், காலை 9:50

அந்தப் பழைய பேட்டரியைக் கடையில் கொடுத்துவிட்டீர்களா? இல்லையென்றால் எனக்கு...

பழைய_ஸ்பேனர் | திங்கள், காலை 9:53

உங்களுக்குத்தான் இறக்கம் இருக்கிறதே.